விற்ற இருவருமே பொறுப்பு

2022 அக்டோபர் 1 அன்று தில்லி பிரகதி மைதானத்தில் பிரதமர் நரேந்திர மோதி 5ஜி சேவையைத் தொடங்கி வைத்தார். அன்றே சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் ஏர்டெல் தன் சேவையை அறிமுகப்படுத்தியது. 5ஜி என்று பெட்டியில் அச்சிட்ட செல்போன்கள் இந்தியக் கடைகளுக்கு வந்து அதற்குள் இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஓர் எழுத்துக்கும் ஓர் எண்ணுக்கும் கூடுதல் விலை கொடுத்தவர்கள், சேவை வந்த அன்று போனின் நெட்வொர்க் அமைப்பைத் திறந்து பார்த்தார்கள். பலருடைய திரையில் 4ஜி-யோடு பட்டியல் முடிந்திருந்தது. கோபுரம் இருந்தது, போன் இருந்தது, சிம் இருந்தது. வாங்கிய வசதி மட்டும் இல்லை.

ஐபோன் 12-ம் அதற்குப் பின் வந்த மாடல்களும் 5ஜி-க்கான வன்பொருளோடு பிறந்தவை. ஆனால் இந்தியாவில் அந்த வசதியை டிசம்பரில்தான் திறந்துவிடுவோம் என்று ஆப்பிள் அறிவித்தது. நவம்பர் நடுவில் தன் 5ஜி போன்கள் அனைத்துக்கும் அப்டேட் வந்துவிடும் என்றது சாம்சங். நிலைமையைப் பார்த்து, மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையும் மின்னணுத் துறையும் போன் நிறுவனங்களையும் சேவை நிறுவனங்களையும் ஒரே மேசைக்கு அழைக்க வேண்டியதாயிற்று. டிசம்பர் 13 அன்று ஐஓஎஸ் 16.2 வெளியான பிறகே ஐபோன்களில் 5ஜி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. இடையில் அக்டோபர் 24 அன்று தீபாவளி. 5ஜி-யை முன்னிறுத்தி நடந்த பண்டிகைக் கால விற்பனை, ஐபோன்களில் 5ஜி வருவதற்கு முன்பே நடந்து முடிந்தது.

இதில் தமிழ்நாட்டு வாசகர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஐபோன் 14-ஐ இந்தியாவில் தயாரிக்கத் தொடங்கியதாக ஆப்பிள் அறிவித்தது அதே ஆண்டு செப்டம்பர் 26-ல். தயாரிப்பு நடந்த இடம் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம். அங்கே நம் பெண் தொழிலாளர்களின் கைகளில் உருவான போன், சில பத்துக் கிலோமீட்டர் தள்ளிச் சென்னையில் அலைவீசிக்கொண்டிருந்த 5ஜி-யைத் தொட இரண்டரை மாதங்கள் காத்திருந்தது. அதைத் தடுத்தது தொழில்நுட்பக் குறைபாடு அல்ல. இரண்டு நிறுவனங்கள் முன்கூட்டியே முடித்திருக்க வேண்டிய வேலை முடியாமல் கிடந்தது. அந்த வேலை முடியவில்லை என்பதை விற்கும்போது யாரும் சொல்லவில்லை.

இப்படி ஒரு வசதி காணாமல் போகும்போது வாங்கியவருக்கு என்ன நேர்கிறது என்பதை எல்லோரும் அறிவோம். சேவை நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தால், "எங்கள் டவர் தயாராக இருக்கிறது, உங்கள் போனுக்குத்தான் அப்டேட் வரவில்லை, கம்பெனியைக் கேளுங்கள்" என்பார்கள். சர்வீஸ் சென்டரில் டோக்கன் வாங்கி உட்கார்ந்து, முறை வந்து போனை நீட்டினால், "செட்டில் ஒரு குறையும் இல்லை சார், நெட்வொர்க்காரர்கள் திறந்துவிட வேண்டும்" என்பார்கள். விற்ற கடைக்காரரின் பொறுப்போ பில் போட்டதோடு தீர்ந்துவிடும். பம்ப்செட் ஓடாதபோது மோட்டார் கம்பெனி மின்னழுத்தத்தைக் குறை சொல்ல, மின்வாரியம் மோட்டாரைக் குறை சொல்ல, நடுவில் வாடும் பயிரைப் பார்த்து நிற்கும் விவசாயியின் கதிதான் இது. இருவரில் யார் சொல்வது உண்மை என்று கண்டுபிடிக்கும் வழி அந்த விவசாயியிடமும் இல்லை, இந்த வாடிக்கையாளரிடமும் இல்லை.

உண்மை நிலை என்ன? ஸ்மார்ட்போனில் ஒரு வசதி இயங்க மூன்று பொருந்த வேண்டும். அலையைப் பிடிக்கும் வன்பொருள் போனுக்குள் இருக்க வேண்டும். குறிப்பிட்ட சேவை நிறுவனத்துக்காக அந்த வன்பொருளைத் திறந்துவிடும் மென்பொருள் அமைப்பு வேண்டும். அந்த போனை ஏற்றுக்கொள்ள நெட்வொர்க் ஆயத்தமாக இருக்க வேண்டும். சிம்மைச் செருகியதும் போன் அதிலுள்ள நிறுவனக் குறியீட்டைப் படிக்கிறது. அந்த நிறுவனத்துக்கென்று தனக்குள் வைத்திருக்கும் அமைப்புக் கோப்பைத் தேடி எடுக்கிறது. எந்த அலைவரிசையில் சேர வேண்டும், குரல் அழைப்பை எந்த வழியில் அனுப்ப வேண்டும், எந்த வசதியைக் காட்டலாம், எதை மறைக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கோப்பில் இருக்கிறது. போன் நிறுவனமும் சேவை நிறுவனமும் சேர்ந்து சோதித்து, சேர்ந்து ஒப்புக்கொண்ட பிறகே அது வாடிக்கையாளரின் போனுக்கு வருகிறது. இருவரும் சேர்ந்து எழுதிய ஒன்று பழுதாகும்போது, "எங்களுக்குத் தொடர்பில்லை" என்று சொல்லும் உரிமை இருவருக்குமே கிடையாது.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஜியோ 4ஜி-யைச் சாராமல் தனித்து இயங்கும் 5ஜி கட்டமைப்பைத் தேர்ந்தெடுத்தது. ஏர்டெல் தன் 4ஜி கட்டமைப்பின் மேலேயே 5ஜி-யை அமைத்தது. ஒன்றில் தேறிய போன் மற்றதிலும் தேறும் என்று சொல்வதற்கில்லை. சோதிக்காமல் திறந்துவிட்டால் அழைப்பு அறுந்துபோகலாம், பேட்டரி விரைவில் தீரலாம். எனவே சோதனைக்கு நாட்கள் பிடிக்கும் என்ற வாதத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் 5ஜி வெள்ளோட்டங்களுக்குத் தொலைத்தொடர்புத் துறை அனுமதி கொடுத்தது 2021 மே மாதத்தில். சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை ஏலம் முடிந்தது 2022 ஆகஸ்ட் 1-ல். சேவை எதிர்பாராமல் வந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. சோதனை முடியவில்லை என்றால் அதைச் சொல்லி விற்றிருக்க வேண்டும். எந்தெந்த மாடல்களுக்கு அப்டேட் இன்னும் வரவில்லை என்ற பட்டியலை ஏர்டெல் தன் இணையதளத்தில் வெளியிட்டது. ஆகவே விவரம் நிறுவனங்களின் கையில் இருந்தது என்பதில் ஐயமில்லை. பெட்டியிலும் விளம்பரத்திலும் மட்டும் அது இடம்பெறவில்லை.

இது ஒருமுறை நேர்ந்த தவறாக இருந்திருந்தால் மன்னித்து விடலாம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோதும் இதுவே நடந்தது. பழைய 2ஜி, 3ஜி வழிகள் இல்லாத அந்த நெட்வொர்க்கில் குரல் அழைப்பும் 4ஜி வழியேதான் போக வேண்டும். 4ஜி என்று விற்கப்பட்டிருந்த பல போன்களில் அதற்கான வசதி இல்லை. இணையம் வந்தது, பேச்சு வரவில்லை. பேசுவதற்குத் தனியாக ஒரு செயலியை நிறுவிக்கொள்ள வேண்டியிருந்தது. 4ஜி போன் வாங்கியவர் அதில் பேசவும் முடியும் என்று நம்பியதைப் பேராசை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அமெரிக்காவின் அனுபவம் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. அங்கே செல்போன்களைப் பெரும்பாலும் சேவை நிறுவனங்களே விற்று வந்தன. 2004-ல் வெரைசான் விற்ற மோட்டோரோலா வி710 போனில் புளூடூத் இருந்தது. அதன் வழியே படங்களைக் கணினிக்கு மாற்றும் வசதியைச் சேவை நிறுவனம் அடைத்து வைத்திருந்தது. வாங்கியவர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு சமரசத்தில் முடிந்தது. 2009 ஜூனில் ஐபோனுக்குப் படச் செய்தி அனுப்பும் வசதியை ஆப்பிள் தந்தது; அமெரிக்காவில் அந்த போனை விற்றுவந்த ஏடி அண்டு டி நிறுவனம் செப்டம்பர் 25 வரை அதைத் திறக்கவில்லை. 2012-ல் செல்போன் இணையம் வழியே ஃபேஸ்டைம் காணொளி அழைப்பு வந்தபோது, குறிப்பிட்ட கட்டணத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் என்றது அதே நிறுவனம். பொதுநல அமைப்புகள் எதிர்த்துக் குரல் எழுப்பிய பின்னரே அது படிப்படியாக இறங்கி வந்தது. முதலில் சொன்னது தாமதம் என்றால் இவை தடை. போனுக்குள் இருந்த, விலை கொடுக்கப்பட்ட ஒரு வசதியைத் தன் வருமானத்தையோ வசதியையோ கருதி மூன்றாமவர் பூட்டி வைப்பது வணிகத் தந்திரம் என்ற பெயரில் நடக்கும் பறிப்பு என்றே நாம் கருதுகிறோம்.

படமும் காணொளியும் தாமதமானால் எரிச்சலோடு போய்விடும். எரிச்சலோடு போகாத இடமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 3ஜி நெட்வொர்க்குகளை மூடும் பணி ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போய், 2024 அக்டோபர் 28 முதல் டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் ஆகிய சேவை நிறுவனங்கள் அவற்றை மூடத் தொடங்கின. தள்ளிப்போனதற்குக் காரணம் திகைப்பூட்டுவது. 4ஜி-யில் நன்றாகப் பேச முடிகிற பல போன்கள், அந்நாட்டின் அவசர எண்ணான 000-ஐ அழைக்கும்போது மட்டும் 3ஜி-யைத் தேடும்படி அமைக்கப்பட்டிருந்தன. அன்றாடம் அழைத்துப் பழகியவருக்குத் தன் போனில் இப்படி ஒரு ஓட்டை இருப்பது தெரியவே தெரியாது; உயிருக்கு ஆபத்து வரும் நொடியில்தான் தெரியும். அவசர எண்ணை எட்ட முடியாத போன்களைக் கண்டறிந்து சேவையிலிருந்து நிறுத்த வேண்டும் என்று அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு சேவை நிறுவனங்களுக்குக் கட்டளையிட்டது.

அதன் பிறகும் குறை தீரவில்லை. மற்ற நெட்வொர்க்குகள் கிடைக்காமல் வோடஃபோன் மட்டுமே எட்டும் இடத்தில், 70-க்கும் மேற்பட்ட பழைய சாம்சங் மாடல்கள் 000-ஐ அழைக்க முடியாமல் போகலாம் என்பது 2025 அக்டோபரில் வெளிவந்தது. மூடப்பட்டுவிட்ட 3ஜி-யையே அவை இன்னும் தேடிக்கொண்டிருந்தன. சிலவற்றை அப்டேட் சரிசெய்யும். சிலவற்றை மாற்றியே ஆக வேண்டும். அடுத்த மாதமே, சிட்னியில் தன் வாடிக்கையாளர் ஒருவர் நவம்பர் 13 அன்று 000-ஐ அழைக்க முயன்றும் இணைப்புக் கிடைக்காமல், பின்னர் உயிரிழந்ததாக, அங்கே வோடஃபோன் நெட்வொர்க்கை நடத்தும் டிபிஜி நிறுவனம் தெரிவித்தது. அவர் வைத்திருந்தது புதுப்பிக்கப்படாத மென்பொருளுடன் இருந்த ஒரு சாம்சங் போன். அந்த மென்பொருளை எழுதியவர் ஒருவர். அந்த 3ஜி-யை மூடியவர் மற்றொருவர். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் உதவி கேட்டுக் கிடைக்காமல் போனார். இழைக்கப்பட்ட தவறில் யார் பங்கு எத்தனை விழுக்காடு என்று விசாரணைகள் கணக்கிடட்டும். இருவருக்கும் பங்கு உண்டு என்பதில் மனசாட்சி உள்ள எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

இந்த நிகழ்வுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது நம் தீர்ப்பைத் தெளிவாகச் சொல்லலாம். போன் நிறுவனத்தின் பொறுப்பு வன்பொருளோடு முடிவதில்லை. பெட்டியில் ஒரு வசதியின் பெயரை அச்சிட்டு, ஒரு நாட்டில் விற்றால், அந்த நாட்டின் நெட்வொர்க்குகளில் அது இயங்கும் என்று உறுதி கொடுத்ததாகவே பொருள். இயங்காது என்றால், எப்போது முதல் இயங்கும், எந்த நிறுவனத்தின் சிம்மில் இயங்கும், எந்த அலைவரிசைகளை ஏற்கும் என்று சொல்லியே விற்க வேண்டும். தொடக்க காலத்து 5ஜி போன்கள் சிலவற்றில் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒன்றுக்கு மட்டுமே இடமிருந்தது. இங்கே 5ஜி அதையும் தாண்டி 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் வந்தது. பெட்டியின் முகப்பில் 5ஜி என்று பெரிதாக எழுதிய கை, இந்த விவரத்தை எங்கோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் வைத்தது. முழு விலையை முதல் நாளே வாங்கிக்கொண்டு, வசதியைப் பின்னொரு நாள் தருவோம் என்பது வாடிக்கையாளரிடமிருந்து வட்டியில்லாக் கடன் வாங்குவதற்குச் சமம். இங்கே போன் வாங்குகிறவர்களில் பலர் அந்த விலையை மாதத் தவணையில் வட்டியோடு கட்டுகிறவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

சேவை நிறுவனத்தின் பொறுப்பும் கோபுரத்தோடு முடிவதில்லை. புதிய சேவையைத் தொடங்கும் நாளில் எத்தனை போன்கள் அதைப் பயன்படுத்த முடியும் என்பது அதற்குத் தெரியும்; நெட்வொர்க்கில் இணைந்திருக்கும் ஒவ்வொரு போனின் மாடலையும் அதன் கணினிகள் அறியும். ரீசார்ஜ் தேதி நெருங்கினால் நாளுக்கு மூன்று குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்த நிறுவனம், "உங்கள் போனில் இந்த வசதி இன்னும் இயங்காது" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்ப முடியாது என்பதை நாம் ஏற்க மாட்டோம். பழைய நெட்வொர்க்கை மூடும் நாளிலோ இந்தக் கடமை பல மடங்காகிறது. சேவையை மூடும் உரிமை அதற்கு இருக்கலாம். யாரையும் இருட்டில் விட்டு மூடும் உரிமை இல்லை.

மூன்றாவதாக அரசு. இந்தியாவில் சேவை நிறுவனங்களைக் கவனிப்பது டிராய். போனின் மின்பாதுகாப்பைப் பதிவு செய்வது இந்தியத் தர நிர்ணய அமைவனம். தவறான விளம்பரத்தைக் கேட்பது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். இன்ன போனில் இன்ன சிம் போட்டால் சொன்ன வசதி இயங்குகிறதா என்று விற்பனைக்கு முன் பார்க்கும் பொறுப்பை இவற்றில் எதுவும் தனதாக ஏற்றதாகத் தெரியவில்லை. நிறுவனங்கள் ஒருவரையொருவர் கைகாட்ட இடம் கிடைப்பது இந்த இடைவெளியில்தான்.

அரசு நினைத்தால் முடியும் என்பதற்குச் சான்று நம்மிடமே உண்டு. 2016-ல் வகுத்த விதிகளின்படி, 2017 தொடக்கத்திலிருந்து விற்கப்படும் போன்களில் அவசர பட்டன் வசதி கட்டாயமாயிற்று. பேரிடர் எச்சரிக்கையை எல்லா போன்களிலும் ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்யும் வசதி கட்டாயம் என்று 2023-ல் விதி வந்தது. இரண்டிலும் போன், நெட்வொர்க் இரண்டும் ஒத்துழைத்தாக வேண்டும். யார் முதலில் செய்வது என்ற வழக்காடலுக்கு அங்கே இடம் தரப்படவில்லை.

சட்டத்திலும் அடித்தளம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்தையும் சேவைக் குறைபாட்டையும் தெளிவாக வரையறுக்கிறது. தொலைத்தொடர்புச் சேவை பற்றிய புகார்களையும் நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் உறுதி செய்தது. ஆனால் சில நூறு ரூபாய் மதிப்புள்ள ஒரு வசதிக்காகத் தனி மனிதர் இரண்டு பெரு நிறுவனங்களை எதிர்த்து மாவட்ட ஆணையத்தின் படியேறுவது அரிது. அரிது என்பதை அறிந்தே நிறுவனங்கள் அலட்சியமாக இருக்கின்றன. எனவே தனி மனிதரின் பொறுமையை நம்பியிராமல், அரசே முன்வந்து நான்கு விதிகளை வகுக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

முதலாவது, விற்பனைக்கு வரும் ஒவ்வொரு போனின் பெட்டியிலும், இந்தியாவின் எந்தெந்தச் சேவை நிறுவனங்களில் எந்தெந்த வசதிகள் வாங்கும் நாளிலேயே இயங்கும் என்ற அட்டவணை, தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் இருக்க வேண்டும். இரண்டாவது, புகார் எவரிடம் முதலில் வருகிறதோ அவரே அதைத் தீர்த்துக் கொடுக்க வேண்டும். மற்றவரிடம் போகச் சொல்வதையே குறைபாடாகக் கருத வேண்டும். வாங்கியவரைப் பொறுத்தவரை இருவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. தங்களுக்குள் கணக்கைப் பின்னர் தீர்த்துக்கொள்ளட்டும். மூன்றாவது, சொன்ன தேதிக்குள் வசதி வராவிட்டால் போனைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறும் உரிமை வேண்டும். நான்காவது, 112 அவசர அழைப்பு எல்லா நெட்வொர்க்குகளிலும் இயங்குகிறது என்று சோதித்துச் சான்று பெறாத எந்த போனும் விற்கப்படக் கூடாது. எந்தப் பழைய நெட்வொர்க்கும் அந்தச் சோதனை முடியாமல் மூடப்படக் கூடாது.

இத்தகைய விதிகளால் புதிய மாடல்கள் தாமதமாகும், விலை ஏறும் என்ற மறுப்பு எழக்கூடும். தாமதம் ஏற்கெனவே இருக்கிறது. இன்று அதைச் சுமப்பவர் வாங்கியவர். அந்தச் சுமையை, அதைத் தவிர்க்கும் ஆற்றல் உள்ளவர்களிடம் மாற்றுவதுதான் நாம் கேட்பது. 5ஜி விவகாரத்தில் அரசு கூட்டம் கூட்டி அழுத்தம் கொடுத்த பிறகு இரண்டரை மாதத்துக்குள் வேலை முடிந்தது. கேட்க ஆள் இருந்தால் இந்த நிறுவனங்களால் செய்ய முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். போன் வாங்கும்போது பில், பெட்டி, விளம்பரம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். உங்கள் சிம்மில் எந்த வசதி இயங்கும் என்பதைக் கடையிலேயே கேட்டு, முடிந்தால் எழுதி வாங்குங்கள். வயதான பெற்றோரின் பழைய போன்களுக்கு அப்டேட் வந்திருக்கிறதா என்று பாருங்கள். சொன்னது கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். புகாரில் போன் நிறுவனத்தையும் சேவை நிறுவனத்தையும் சேர்த்தே குறிப்பிடுங்கள். ஒரு வசதியின் பெயரைச் சொல்லி இருவரும் பணம் வாங்கினார்கள். அது இல்லாமல் போனதற்கும் இருவருமே பதில் சொல்ல வேண்டும்.